மெயினை அணைத்தது யார்?

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது சரியல்ல. எனக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும். வந்தால் போகாது, அதுதான் கோளாறு. சகலையோடு பதினோரு மாதம் பேசாமல் இருந்தேன் என்றால் அந்தக் கோளாறு எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஆறு வயது இளையவன். இரண்டு பேரும் சேர்ந்து பதினான்கு வருஷமாக எலக்ட்ரிக்கல் வேலை எடுத்துச் செய்கிறோம். வீடு, கடை, பட்டறை, எதுவானாலும் சரி. ஒரே கட்டிடத்தில் மாடியில் நாங்கள், கீழே அவர்கள். ஏணி ஒன்று, வண்டி ஒன்று, டிரில் ஒன்று. அக்காவும் தங்கையும் காலையில் பேசத் தொடங்கினால் இரவு விளக்கை அணைக்கும்வரை ஓய மாட்டார்கள். எங்கள் பங்குப் பேச்சையும் சேர்த்து அவர்களே பேசித் தீர்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சண்டைக்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். மாமனார் வீட்டுக் கூடத்தில் நான் ஒரு சுவிட்ச் போர்டு போட்டிருந்தேன். ஒருநாள் அங்கே மின்விசிறி விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிறது. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். என்னைக் கூப்பிடாமல் சகலை அந்தப் போர்டைத் திறந்தான். திறந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இந்த ஜாயிண்டைப் போட்ட மகராசன் யாரு?" என்றான். யார் என்று அவனுக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். எங்கள் தொழிலில் இன்னொருத்தன் போட்ட வயர் ஜாயிண்டை அவனைக் கேட்காமல் பிரிப்பதே தப்பு. பிரித்துக் காட்டிச் சிரிப்பது செருப்பால் அடிப்பது மாதிரி. நான் சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

வந்து மன்னிப்புக் கேட்பான் என்று இரண்டு நாள் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு, முறுக்கிக்கொண்டு போனவரே வரட்டும் என்று அவனும் இருந்தான். இரண்டு நாள் இரண்டு வாரமாகி, பிறகு நாள் கணக்கே விட்டுப்போனது.

ஆனால் வேலை நிற்கவில்லை. கையில் எடுத்த வேலைகள் இருந்தன, வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். அதனால் பேசாமலே சேர்ந்து வேலை செய்யப் பழகிக்கொண்டோம். அவனுக்கு டிரில் வேண்டுமென்றால் அவன் மனைவிக்கு ஃபோன் போடுவான். அவள் படியேறி வந்து என் மனைவியிடம் சொல்வாள். என் மனைவி எனக்கு ஃபோன் போட்டு, "டிரில் எங்கேன்னு கேக்குறாரு" என்பாள். "அவனுக்குப் பின்னாடிதான் இருக்கு, திரும்பிப் பாக்கச் சொல்லு" என்பேன். அது மறுபடி மாடியிறங்கிப் போகும். நாங்கள் இரண்டு பேரும் அப்போது ஒரே அறையில் நின்றுகொண்டிருப்போம். ஒரு வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேருக்குமே காது கேட்காது என்று நினைத்து, கிளம்புகிறவரை எங்களோடு கையைக் காட்டியே பேசினார்.

சிரிப்பு இதோடு போகட்டும். இந்த வீம்பில் நாங்கள் விட்டது இரண்டு விஷயம். அந்த இரண்டையும் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது.

ஒன்று, குரல். முன்பெல்லாம் ஒருவன் மெயின் சுவிட்சிடமும் இன்னொருவன் வயரிடமும் நின்றால் கத்திப் பதில் வாங்கிக்கொள்வோம். "மெயின் அணைச்சாச்சு!" என்று நான் கத்துவேன். "அணைஞ்சாச்சு! கை வைக்கிறேன்!" என்று அவன் கத்துவான். "வை!" என்று நான் சொல்ல வேண்டும். அந்த "வை" காதில் விழாமல் அவன் வயரைத் தொட மாட்டான். பதின்மூன்று வருஷம் அப்படித்தான்.

இரண்டாவது, பூட்டு. மெயினை அணைத்ததும் அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புப் பூட்டைப் போடுவோம். சாவி வயரில் கை வைக்கிறவனிடம் இருக்கும். அவனாக வெளியே வந்து சாவியைத் தருகிறவரை எந்தக் கொம்பனாலும் மெயினைப் போட முடியாது. சண்டை நடந்த அன்று பூட்டு என் பையில் இருந்தது. சாவி அவன் வண்டிச் சாவிக்கொத்தில் இருந்தது. பூட்டைப் பயன்படுத்த வேண்டுமென்றால் சாவியை யாராவது கேட்க வேண்டும். இரண்டு பேரும் கேட்கவில்லை. பதினோரு மாதம் அந்தப் பூட்டு வாயைத் திறந்துகொண்டு என் பையின் அடியில் கிடந்தது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் பல்பு. யோசனை சகலையுடையது, தங்கை வழியாக வந்து சேர்ந்தது. அவன் வேலை செய்கிற பெட்டிக்கு வருகிற கரண்டில் ஒரு பல்பைத் தொங்கவிடுவான். பல்பு எரிந்தால் மெயின் போட்டிருக்கிறது. அணைந்தால் நான் மெயினை அணைத்துவிட்டேன். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாயால் சொல்லவில்லையே தவிர, நல்ல யோசனைதான் என்று நானும் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். மனைவி, "எதுக்குங்க இது, ஒரு வார்த்தை பேசினா தேஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டபோது, "வேலை செய்ற இடமெல்லாம் ஒரே இரைச்சல், கத்தினா கேக்காது" என்று சொன்னேன். அதை நானே நம்பவும் செய்தேன்.

ஒரு பொரிப்பகத்து வேலை அப்படி இருக்கும்போதுதான் வந்தது.

ஊர் எல்லையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடம் ஒன்று. நடத்துகிறவர் ஐம்பது வயது அம்மா. முட்டைக்காரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. நீளமான கூடத்தில் பீரோ மாதிரி மூன்று பெரிய இன்குபேட்டர்கள். உள்ளே தட்டு தட்டாக ஆறாயிரம் முட்டை. அவற்றின் விசிறிகள் இரவு பகலாக இரைந்துகொண்டே இருக்கும். கரண்ட் போனால் சூடு இறங்கும். அதிக நேரம் இறங்கினால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். போன மாதம் அப்படி ஒரு தட்டு போய்விட்டதாம். அந்தப் பயத்தில் ஒரு ஜெனரேட்டர் வாங்கி, கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வைத்திருந்தார்.

முதல்நாள் பார்க்கப் போனபோது அவர் கேட்டது, "ஒரு வயரை இழுத்து ஏதாவது பிளக்ல சொருகிடுங்களேன், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா. சொருகினா உங்க முட்டைக்கும் கரண்ட் போகும், வந்த வழியே வெளியில லைனுக்கும் போகும். கரண்ட் இல்லேன்னு நம்பி ஒருத்தன் கம்பத்து மேல ஏறி நிப்பான். அவன் உசுரு போனா யாரு பதில் சொல்றது?"

அவர் முகம் மாறிவிட்டது. சேஞ்சோவர் சுவிட்சைப் படம் போட்டு விளக்கினேன். நடுவில் ஒரு கைப்பிடி. மேலே தள்ளினால் வெளிக் கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடாது. இதை வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, "உங்க ரெண்டு பேரையும் பாத்துத்தான் அதைச் செஞ்சிருக்கான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

வேலை நான்கு நாள். கொட்டகையிலிருந்து கூடத்தின் முன்பக்கச் சுவர்வரைக்கும் கேபிள் இழுத்தோம். அங்கேதான் பழைய பெட்டி, அதற்குப் பக்கத்தில் புது சேஞ்சோவர் பெட்டியை அறைந்தோம். மெயின் சுவிட்ச் அதற்கும் வெளியே, வாசல் கேட்டருகே ஒரு சின்ன மீட்டர் அறையில். கொட்டகையில் நான், பெட்டியிடம் சகலை. நடுவில் நாற்பது எட்டு வைத்து நடக்கிற தூரம். பல்பு அவன் தலைக்கு மேலே தொங்கியது.

கடைசி நாள் வேலைக்குக் கரண்டை நிறுத்தியே ஆக வேண்டும். முட்டைக்காரம்மா கணக்குப் போட்டுப் பார்த்து, "பதினோரு மணியிலேருந்து நாப்பது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கேக்காதீங்க. நாளை மறுநாள் பொரியுற முட்டை" என்று சொல்லிவிட்டார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கை ஒரு தாளில் வரிசையாக எழுதி, நகல் எடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது மாதிரி. ஆறு, மாமா ஜெனரேட்டர்ல கேபிள் மாட்டணும். ஏழு, பதினோரு மணிக்கு மாமா மெயினை அணைக்கணும். எட்டு, பல்பு அணைஞ்சதும் இவர் பழைய வயரைக் கழட்டி புதுப் பெட்டியில மாட்டணும். ஒன்பது, ஜெனரேட்டர் வயரை மாட்டணும். மாமா என்பது நான். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பல்பு தானாக அணைந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதவில்லை. அவள் மேல் தப்பில்லை, அவளா எலக்ட்ரீஷியன்?

அன்று காலை பத்தே முக்காலுக்கு நான் கொட்டகையில் ஆறாவது வேலையை முடித்தேன். கேபிளின் என் பக்கத்து முனையை ஜெனரேட்டரில் மாட்டி முறுக்கியாகிவிட்டது. மறுமுனை சகலையின் பெட்டிக்குள், தோலுரித்து, மாட்டத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. மெயினை அணைக்கப் போவதற்கு முன்னால் இன்ஜின் ஒருதரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. தாளில் இல்லாத வேலை. அந்த முனைதான் எதிலும் மாட்டவில்லையே, ஏழாவது நடக்காமல் அவன்தான் பெட்டியைத் தொட மாட்டானே என்ற தைரியம். டீசலைப் பார்த்தேன், எண்ணெய் பார்த்தேன். ஜெனரேட்டர் கரண்டைக் கேபிளுக்குள் விடுகிற பிரேக்கரை இறக்கி வைக்க வேண்டும் என்பதுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. சாவியை எடுத்துச் செருகினேன்.

அப்போது கூடத்தின் இரைச்சல் நின்றது.

நான்கு நாளாகக் காதிலேயே இருந்த சத்தம் நின்றதும் ஒரு மாதிரி இருந்தது. கரண்ட் போய்விட்டது என்று புரிந்தது. மணி பார்த்தேன், பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். சரி, நல்லதாகப் போயிற்று, வந்த பிறகு அணைக்கலாம் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. பதினான்கு வருஷம் தொழில் பார்த்தவன், சத்தியமாக வேறொன்றும் நினைக்கவில்லை.

மூன்று நான்கு நிமிஷம் போயிருக்கும். முட்டைக்காரம்மா கூடத்துக்குள்ளிருந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தார். "கரண்ட் போச்சுங்க! எதிர்ல அரவை மில்லும் நின்னுடுச்சு. உங்க நாப்பது நிமிஷத்தோட இதுவும் சேந்துட்டா என் முட்டை என்னாகிறது? ஜெனரேட்டரைப் போடுங்க!"

"இப்போ போட்டாலும் வராதும்மா. அந்த முனையை இன்னும் மாட்டலை" என்றேன். சொல்லிக்கொண்டே, இன்ஜினையாவது ஓடவிட்டு அவரைச் சமாதானப்படுத்தலாம் என்று சாவியில் கை வைத்தேன். சாவி பாதி திரும்பியது. முன்னால் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அதான் அவரு மாட்டிக்கிட்டுத்தானே இருக்காரு! இப்பத்தான் பாத்துட்டு வரேன். வயரைக் கழட்ட ஆரம்பிச்சு, ரெண்டு கையும் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

ரெண்டு கையும் பெட்டிக்குள்ளே.

எப்படி இருக்கும்? நான்தான் மெயினை அணைக்கவே இல்லையே என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் பல்பு ஞாபகம் வந்தது. இங்கே எனக்குக் கரண்ட் போயிருந்தது. அங்கே அவன் கணக்கில் நான் மெயினை அணைத்திருந்தேன். டெஸ்டர் வைத்துப் பார்த்திருப்பான், அதுவும் எரிந்திருக்காது. டெஸ்டர் பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷத்தில் வயரில் கரண்ட் இல்லைதான். ஆனால் வாசலில் மெயின் போட்டபடி இருக்கிறது. வெளியே கரண்ட் எந்த வினாடியும் வரும். வந்தால் நேராக அவன் கையில்தான் வந்து நிற்கும். போதாததற்கு இந்தப் பக்கம் நான் ஒருவன், சாவியைப் பாதி திருப்பிவிட்டு நிற்கிறேன். அந்தக் கேபிளின் முனை அவன் கைகளுக்கு நடுவில் தொங்குகிறது.

சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். மீட்டர் அறைக்கு ஓடி அணைப்பதென்றால் கூடத்தைத் தாண்டி வாசல்வரை போக வேண்டும். அதுவரை கரண்ட் காத்திருக்குமா? கொட்டகை வாசலுக்கு வந்து கத்தினேன்.

"சகலே! கையை எடு! நான் அணைக்கலை! மெயினை நான் அணைக்கலை!"

கூடம் அமைதியாக இருந்தது. கத்தினால் கேட்காது என்று பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். என் குரல் அந்தக் கூடத்தின் முன்சுவரில் மோதித் திரும்பி வந்ததை நானே கேட்டேன். ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கீச்சிடுவதுகூடக் கேட்டது. அவன் குரல் மட்டும் கேட்கவில்லை.

"சகலே!" என்று இன்னொரு தடவை கத்த வாயைத் திறந்தேன். கரண்ட் வந்துவிட்டது. மூன்று பீரோக்களின் விசிறிகளும் ஒன்றாக இரையத் தொடங்கின. அதற்குப் பிறகு அவன் ஏதாவது சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்க முடியாது.

நாற்பது எட்டை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. அடுக்கி வைத்திருந்த காலித் தட்டுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன் என்று அப்புறம் முட்டைக்காரம்மா சொன்னார். நான் நினைத்ததெல்லாம் தங்கையைப் பற்றித்தான். முத்து முத்தாக எழுதிக் கொடுத்தவளிடம் போய் என்ன சொல்வது? எந்த வாயால் சொல்வது? ஒரு ஜாயிண்டுக்காக என்றா?

கடைசி பீரோவைத் தாண்டித் திரும்பினேன். சகலை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். பெட்டியிலிருந்து இரண்டு அடி தள்ளி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு. போலீசைப் பார்த்த திருடன் அப்படித்தான் நிற்பான். ஸ்பேனர் தரையில் கிடந்தது. தலைக்கு மேலே அந்தப் பாழாய்ப்போன பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கிட்டே போனதும்தான் காதில் விழுந்தது.

"எடுத்துட்டேன். எடுத்துட்டேன் சகலே. எடுத்துட்டேன்னு நாலு தடவை சொன்னேன், உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கலைடா" என்றேன். காலித் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதது நிஜம். முட்டைக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் சொம்போடு நின்றார். சகலை கையை இறக்கவே இல்லை. இறக்கலாம் என்று அவனிடம் யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "கையை எறக்கு, பெட்டி கிட்ட மட்டும் போயிடாதே" என்று நான் சொன்ன பிறகுதான் இறக்கினான்.

"பல்பு அணைஞ்சுது. மணியும் பதினொண்ணு ஆகப்போகுது. அஞ்சு நிமிஷம் முன்னாடியே அணைச்சிட்டாருன்னு நெனைச்சேன்" என்றான்.

"நானா? நான் என்னிக்கு முன்னாடி செஞ்சிருக்கேன்?"

"அதான் எனக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றான்.

அப்போது என் ஃபோன் அடித்தது. மனைவி. எடுத்தேன். பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மொட்டை மாடியில் போர்வைகளைத் துவைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"என்னங்க, தங்கச்சி அப்பவே சொன்னா, கை ஈரமா இருந்துச்சு, இப்பத்தான் போடுறேன். அவரு உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாராம். பல்பு அணைஞ்சிருக்காம். மெயினை அணைச்சது நீங்கதானான்னு கேக்குறாரு."

ஃபோனில் அவள் குரல் சகலைக்கும் கேட்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்டேன்" என்றான் மெதுவாக. "ரெண்டு நிமிஷம் பாத்தேன். பதில் வரல. டெஸ்டரும் எரியல. அந்த அம்மா வேற முட்டை முட்டைன்னு தவிச்சுக்கிட்டு நின்னாங்க, நாப்பது நிமிஷத்தை நெனைச்சுத்தான்னு நெனைச்சேன். சரின்னு கை வெச்சுட்டேன்."

அவன் கேட்டிருக்கிறான். எனக்கு நாற்பது எட்டுத் தள்ளி நின்றுகொண்டு, விசிறிகூட ஓடாத அந்த நிசப்தத்தில், வாயைத் திறந்து கேட்டிருந்தால் அரை வினாடியில் பதில் கிடைத்திருக்கும். அந்தக் கேள்வி இவனிடமிருந்து கிளம்பி, ஊருக்குள் போய், தங்கை காதில் விழுந்து, அக்காவின் ஈரக்கை காய்கிறவரை கொடியோரம் காத்திருந்து, இப்போதுதான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இவன் கருகிக் கிடந்திருந்தாலும் இதே நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். இதே குரலில், இதே தண்ணீர்ச் சத்தத்தோடு. அதை நினைத்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா? அவருக்கு என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன். "நானே சொல்லிக்கிறேன்."

அந்தப் பக்கம் குழாய் நின்றது. அவள் வேறெதுவும் கேட்காமல் ஃபோனை வைத்துவிட்டாள்.

"நான் அணைக்கலை, சகலே" என்று அவனைப் பார்த்துச் சொன்னேன். அவனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டதுதான். இருந்தாலும் கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு அந்தப் பல்பைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பல்பே ஃபியூஸ் போயிருக்கலாம். கரண்ட் வருகிற மூன்று ஃபேஸ் வயர்களில் அது தொங்கிய ஒன்று மட்டும் போய், மற்ற இரண்டும் உயிரோடு இருந்திருக்கலாம். ஹோல்டர் லூசாகியிருக்கலாம். கரண்ட் இல்லை என்பதை மட்டும்தான் அது காட்டும். யார் நிறுத்தியது, திரும்பி வருமா என்பதெல்லாம் ஆளைக் கேட்டால்தான் தெரியும். தொழிலுக்கு வந்த முதல் வருஷமே தெரிந்துகொள்கிற விஷயம் இது. தெரிந்துதான் விட்டோம்.

முட்டைக்காரம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சூடு பழையபடி ஏற ஒரு மணி நேரம் ஆகும், பன்னிரண்டு மணிக்கு அணைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் கொட்டகைக்குப் போய் ஜெனரேட்டரின் பிரேக்கரை இறக்கினேன், பேட்டரி வயரையும் கழற்றினேன். இன்ஜின் சாவியைக் கொண்டுவந்து சகலையிடம் கொடுத்தேன். அவன் அந்தப் பல்பைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டான்.

பிறகு என் பையைக் கவிழ்த்துப் பூட்டைத் தேடி எடுத்தேன். துருப்பிடித்திருந்தது. சகலை வண்டிச் சாவிக்கொத்திலிருந்து சின்னச் சாவியைக் கழற்றினான். எண்ணெய் விட்டுத் திருப்பிப் பார்த்தோம். முதலில் முரண்டு பிடித்து, பிறகு திரும்பியது.

"அன்னிக்கு அந்த ஜாயிண்ட்..." என்று ஆரம்பித்தான்.

"லூசாத்தான் இருந்துச்சு" என்றேன். "எனக்கு அன்னிக்கே தெரியும். அதனாலதான் அவ்வளவு கோவம்."

இதை அவனிடம் சொல்ல எனக்குப் பதினோரு மாதம் ஆனது. சொல்லி முடிக்க ஐந்து வினாடிகூட ஆகவில்லை. அவன் சிரிக்கவில்லை. "எல்லார் முன்னாடியும் சொன்னது என் தப்பு" என்றான்.

பன்னிரண்டு மணிக்கு வாசலுக்குப் போய் மெயினை அணைத்தேன். கைப்பிடியில் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தேன். கூடத்தில் விசிறிகள் ஓய்ந்தன. சாவியைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டு, பித்தானையும் மாட்டிக்கொண்டான். நான் அங்கேயே அவனுக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம். ஆனால் மறுபடி மீட்டர் அறைக்கே போனேன். பழைய வழக்கம் அதுதான்.

"மெயின் அணைச்சாச்சு!" என்று கத்தினேன்.

"அணைஞ்சாச்சு! டெஸ்டர் பாத்தாச்சு! கை வைக்கிறேன்!"

இனி நான் சொல்ல வேண்டியது ஒரு எழுத்து. சொல்வதற்கு முன்னால் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். எட்டிப் பார்த்தேன். சகலை பெட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் காற்றில் நிறுத்திக்கொண்டு, தலையை வாசல் பக்கம் திருப்பி, காத்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் போயிற்று. நாற்பது நிமிஷத்தில் ஒன்று குறைந்ததே என்று முட்டைக்காரம்மா கைகளைப் பிசைந்தார். அவன் அசையவில்லை.

"வை" என்றேன்.

"கேக்கலை சகலே, சத்தமா!"

"வைடா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அதற்குப் பிறகுதான் அவன் கை வைத்தான்.